66 நாள் மௌனமும் 70 சென்டிமீட்டர் கம்பியும்

"கம்பி கட்டறதுக்கு முன்னாடி இந்தப் பாட்டு எங்கப்பா இருந்துது?"

நாற்பது வருஷத்துக்கு மேல் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன் நான். வால்வு போச்சா, கண்டன்சர் போச்சா, எவ்வளவு ஆகும், சாயங்காலத்துக்குள் கிடைக்குமா என்று கேட்டவர்கள்தான் என் கடைப்படி ஏறியிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்டவர் காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். வயது எண்பது. நான் அவர் வீட்டு மொட்டை மாடியில் ஹாக்ஸா பிளேடும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

வெளியூரில் இருக்கும் மகன் தன் பழைய ஸ்டீரியோ செட்டை அப்பாவுக்கு அனுப்பிவைத்திருந்தார். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற ரிசீவர். முழங்கால் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். வாத்தியாருக்கு அதில் வேண்டியது ஒன்றே ஒன்று, சென்னை 101.4. செட்டோடு வந்த 'டி' வடிவ நாடா ஏரியலைக் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிப் பார்த்திருக்கிறார். எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தம்தான் வந்திருக்கிறது. அதற்கு அடியில் யாரோ கிணற்றுக்குள் பாடுகிற மாதிரி ஒரு குரல். சென்னை இங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. தொடுவானத்தைத் தாண்டினால் பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். காஞ்சிபுரம் அந்த எல்லையின் ஓரத்தில் இருக்கிற ஊர். கூடத்துச் சுவருக்கு வந்து சேராது. மாடி ஏற வேண்டும், அளந்து வெட்ட வேண்டும், திசை பார்த்துக் கட்ட வேண்டும்.

மாடியில் பழைய டி.வி. ஏரியல் ஒன்று குழாயோடு சாய்ந்து கிடந்தது. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியதற்கப்புறம் ஓட்டு வீட்டிலும் மெத்தை வீட்டிலும் மீன் முள்ளாட்டம் முளைத்தவற்றில் மிச்சம். குழாய் துருப்பிடித்திருந்தது, அலுமினியக் கம்பிகள் நன்றாகவே இருந்தன. அவற்றையே எடுத்துக்கொண்டேன். கணக்கு சின்னது. 300ஐ 101.4ஆல் வகுத்தால் ஓர் அலையின் நீளம், 2.96 மீட்டர். அதில் பாதி 1.48. கம்பியில் நிற்கும்போது அலை கொஞ்சம் குறுகும் என்பதால் நூற்றுக்கு ஐந்து கழிக்க வேண்டும். மிச்சம் 1.40. இரண்டாக வெட்டினால் பக்கத்துக்கு 70 சென்டிமீட்டர். இரண்டு துண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நடுவே பிளாஸ்டிக் கட்டை. ஒன்றில் கேபிளின் நடுக்கம்பி, மற்றதில் கேபிளின் வலை.

ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கை நீண்டிருக்கும் பக்கம் அவனுக்குக் காது கேட்காது. நெஞ்சும் முதுகும் பார்க்கிற பக்கம்தான் கேட்கும். சென்னை இங்கிருந்து கிழக்கே, சற்று வடக்கு தள்ளி. ஆகவே கைகள் ஏறக்குறைய வடக்கு தெற்காக இருக்க வேண்டும். அப்படித் திருப்பிக்கொண்டிருக்கும்போதுதான், கீழே வாத்தியாரின் மனைவி போட்ட செட்டிலிருந்து பாட்டு திடுக்கென்று தெளிந்து மாடிப்படி வழியாக ஏறி வந்தது. வாத்தியார் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"காத்துலதான் சார் இருந்துது" என்றேன்.

"காத்துலயா, ஆகாசத்துலயா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு அப்படிச் சொல்லாதப்பா. அதுக்காகவே வாது பண்ணின ஊரு இது."

*

நான் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். அப்பா குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர். எங்களுக்குக் கோயில் என்றால் பெரிய காஞ்சியில் ஏகாம்பரநாதர், சின்ன காஞ்சியில் வரதர். வேகவதி ஆற்றுக்கு அப்பால் சமணக் கோயில் ஒன்று இருப்பது தெரியும். உள்ளே என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது. பல்லவர் காலத்திலேயே திருப்பருத்திக்குன்றம் சமண ஊர். பள்ளன்கோயில் செப்பேடு, பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி என்ற துறவிக்குப் பல்லவ மன்னன் நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. மேருமந்தர புராணம் பாடிய வாமன முனிவர் இங்கே வாழ்ந்தவர். நீலகேசிக்கு உரை எழுதியவரும் அவரே என்பார்கள். இதையெல்லாம் அன்றைக்கு மாடியில்தான் தெரிந்துகொண்டேன். வாத்தியார் சிமென்ட் திண்ணையில் உட்கார்ந்து வகுப்பெடுத்தார். நான் கேபிள் நுனியைச் சீவிக்கொண்டே கேட்டேன்.

அந்த நூலின் நாயகி நீலகேசி, ஊர் ஊராகப் போய் வாது செய்கிற பெண் துறவி. பௌத்தரோடு, ஆசீவகரோடு, சாங்கியரோடு, வைசேடிகரோடு, வேதவாதியோடு. அந்தக் காலத்துச் சண்டைகளில் ஒன்று சத்தம் என்றால் என்ன என்பது. வைசேடிகர் சொன்னார்கள்: மண்ணுக்கு மணம் போல ஆகாசத்துக்குச் சத்தம், அது ஆகாசத்தின் குணம். மீமாம்சகர் சொன்னார்கள்: சத்தம் என்றும் உள்ளது, வாய் அதை உண்டாக்கவில்லை, வெளிப்படுத்துகிறது, அதனால்தான் வேதத்துக்கு ஆசிரியன் இல்லை. சமணர் இரண்டையும் மறுத்தார்கள். சத்தம் புற்கலம், அதாவது சடப்பொருள் எடுக்கிற ஒரு நிலை. பொருளும் பொருளும் மோதினால் பிறக்கும், பிரிந்தாலும் பிறக்கும். உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் புற்கலத்தின் நிலைகளை அடுக்கும்போது சத்தத்தோடு இருட்டையும் நிழலையும் வெயிலையும் நிலவொளியையும் ஒரே வரிசையில் வைக்கிறது.

"ஆகாசவாணின்னு பேர் வச்சான் பாரு, அதுலயே வைசேடிகன் ஏறி உக்காந்துட்டான்" என்று சிரித்தார். "நாம சண்டை போட்டு வானொலின்னு மாத்தினோம். அப்பவும் வான் போகல. சமணன் பேர் வச்சிருந்தா வேற மாதிரி வச்சிருப்பான்."

என் தொழிலுக்கு நான் விசுவாசமாக இருக்க வேண்டும். "சார், சென்னையிலருந்து இங்க வர்றது சத்தமே இல்ல" என்றேன். அங்கே மைக்கின் முன் சத்தம் முடிந்துபோகிறது. புறப்பட்டு வருவது மின்காந்த அலை. அதற்கு உறவு வெயில்தானே தவிர சத்தம் இல்லை. வெயிலைவிட நீளமான அலை, அவ்வளவுதான். பாட்டுக்கு ஏற்ப அந்த அலை நெருங்கியும் விலகியும் துடிக்கிறது. ரிசீவர் அந்தத் துடிப்பைப் படித்து, ஸ்பீக்கரின் அட்டைக் கூம்பை ஆட்டுகிறது. அப்போதுதான் இந்த வீட்டுக் கூடத்தில், புதிதாக, சத்தம் பிறக்கிறது. நடுவழியில் பாட்டு கிடையாது. பாட்டின் அடையாளம்தான் இருக்கிறது, பாவு ஏறாத சேலைக்கு ஜக்கார்டு அட்டையில் துளை இருப்பது போல.

அலை எதைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்ற கேள்விக்கும் ஒரு கதை உண்டு. அதைச் சுமக்க ஈதர் என்று ஒன்று அண்டமெங்கும் நிறைந்திருக்கிறது என்று வெள்ளைக்கார விஞ்ஞானிகளும் நம்பினார்கள். 1887இல் மைக்கல்சன், மார்லி என்ற இருவர் அமெரிக்காவில் அதை அளக்கப் பார்த்தார்கள். அதன் சுவடே சிக்கவில்லை.

இதைச் சொன்னதும் வாத்தியார், "ஆஹா, வெயிலையும் சத்தத்தையும் ஒரே வரிசையில வச்சதை அப்பவே..." என்று தொடங்குவார் என எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லா மதத்திலும் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். அவர் சொல்லவில்லை. "நூலை இன்னிக்குப் பரீட்சையில பாஸ் பண்ண வைக்கணும்னு எனக்கு ஆசை இல்லப்பா. அவங்க கேள்வி வேற" என்றார். "அது என்னன்னா, சொல்றவன் இருந்தா மட்டும் சொல் பிறந்துடுமா?"

*

பிறகு அவர் சொன்ன கதைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

மகாவீரர் பன்னிரண்டு வருஷம் தவம் இருந்தார். 42ஆம் வயதில் முழு அறிவு, அவர்கள் சொல்கிற கேவல ஞானம், வந்தது. தேவர்கள் சமவசரணம் என்ற அவையை எழுப்பினார்கள். வட்டத்துக்குள் வட்டமாகப் பன்னிரண்டு பகுதி. துறவிகள், தேவர்கள், மனிதர்கள், விலங்குகள் என்று எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். மகாவீரர் பேசவில்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, 66 நாள். எல்லாம் அறிந்தவர் எதிரே இருக்கிறார், உலகமே கேட்கக் காத்திருக்கிறது, சத்தம் இல்லை.

இது திகம்பரர் வழியில் வரும் வரலாறு; தமிழ்ச் சமணர்கள் திகம்பரர்கள். காரணத்தையும் அவர்கள் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அவையில் இத்தனை பேர் இருந்தும், அந்த ஒலியை முழுசாக ஏற்று, பகுத்து, மற்றவருக்குச் சொல்லத்தக்க ஒருவர், கணதரர், வரவில்லை. அதை இந்திரன் கண்டுகொண்டு ஒரு கிழவர் வேஷத்தில் போய், இந்திரபூதி கௌதமர் என்ற பெரும் வேத பண்டிதரிடம் ஒரு பாட்டைச் சொல்லி அர்த்தம் கேட்கிறான். கௌதமருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனசில்லை. உன் குருவோடேயே வாது செய்கிறேன் வா என்று சீடர்களோடு கிளம்பிவிடுகிறார். சமவசரண வாசலில் மானத்தம்பம் என்ற உயர்ந்த தூண். அதைப் பார்த்ததும் அவருடைய செருக்கு இறங்கிவிடுகிறது. உள்ளே போகிறார். அந்தக் கணம் மகாவீரரிடமிருந்து ஒலி எழுகிறது. உதடு அசையாத ஒலி. எழுத்தாகப் பிரியாத ஒலி. திவ்யத்வனி என்கிறார்கள். கேட்டவர் ஒவ்வொருவர் காதிலும் அது அவரவர் பாஷையாக விழுந்ததாம்.

என் கையில் 70 சென்டிமீட்டர் கம்பி இருந்தது. யாருக்கானாலும் அந்த ஒப்புமை தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் திருகாணியை முடுக்கும்போது அது நழுவியது.

"சார், நம்ம கம்பி கதை இதுல ஒத்துவராது. நீங்க செட் வாங்கறதுக்கு முன்னாடியும் சென்னைக்காரன் பாடிக்கிட்டுதான் இருந்தான். கேக்கறவன் இல்லன்னு எந்த ஸ்டேஷனும் வாயை மூடறதில்ல. உங்க பகவான் மூடிக்கிட்டாரே. அப்ப எங்க ஸ்டேஷன்தானே சார் தாராளம்?"

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்தார். "ஸ்டேஷன்காரனுக்குப் பேசணும்னு இருக்குப்பா. விளம்பரமோ, சர்க்கார் சேதியோ, பாட்டோ, ஏதோ ஒண்ணை நம்ம காதுல போடணும்னு இருக்கு. பகவானுக்கு எதுவும் வேணும்னு இல்ல. ஆசை அறுந்தவர். பேசணும்ங்கற ஆசையும் சேர்த்துதான் அறுந்துபோச்சு. அப்புறம் அந்தப் பேச்சு எங்கிருந்து வரும்? கேக்கறவன் தகுதியாலதான் வந்தாகணும்."

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. சமணர்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். கீழிருந்து வீட்டு அம்மா குரல் கொடுத்தார். "நீ கோயிலைப் பாத்துட்டு வா, சாத்தறதுக்குள்ள" என்று அனுப்பிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

*

அந்தச் சமணக் கோயிலான திரைலோக்கியநாதர் கோயிலின் முன்னால் இருக்கிற மண்டபத்துக்குச் சங்கீத மண்டபம் என்று பெயர். விஜயநகர அரசின் அமைச்சராக இருந்த சமணர் இருகப்பர் 1387-88இல் கட்டியது. அதன் கூரையில்தான் அந்த ஓவியங்கள்: ரிஷபதேவர் கதை, வர்த்தமானர் கதை, நேமிநாதர் கதையோடு வருகிற கண்ணன் கதை. டி.என். ராமச்சந்திரன் 1934இல் சென்னை அருங்காட்சியகத்துக்காக இவற்றைப் படம் படமாக விவரித்துப் புத்தகம் எழுதியிருக்கிறார். சில இடம் உதிர்ந்துபோய்விட்டது. சில இடத்தில் சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. கழுத்து வலிக்க அண்ணாந்து சமவசரணத்தைத் தேடினேன். சங்கீத மண்டபத்தில் சத்தமே இல்லை. பேசுகிற ஒருவரையும் கேட்கிற கூட்டத்தையும் ஓவியன் வரைந்துவிடலாம். நடுவே போகிற ஒலியை எப்படி வரைவான்? முகங்களைத்தான் திருப்பி வைக்க வேண்டும், ஒரே பக்கமாக. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

66 நாளும் அவையில் இருந்தவர்கள் எல்லாரும் பக்தர்கள். தேவர்கள், துறவிகள், தலையாட்டக் காத்திருந்தவர்கள். வந்து ஒலியைத் திறந்தவர் பக்தர் இல்லை. எதிர்வாதம் செய்ய வந்தவர். தனக்கென்று ஒரு சாஸ்திரம், ஒரு கேள்வி, ஒரு சந்தேகம் உள்ளவர். ரேடியோ படித்தவனுக்கு இது ஆச்சரியம் இல்லை. வெறும் கம்பி எல்லா அலையையும் வாங்கும். இந்தக் கோயில் வாசலில் நிற்கும் என் மேலும் இந்த நிமிஷம் சூரியன் எஃப்.எம். 93.5, மிர்ச்சி 98.3, செல்போன் கோபுரங்கள் எல்லாம் மோதிக்கொண்டுதான் இருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்குகிற கம்பிக்கு எதுவும் கேட்காது. செட்டுக்குள் ஒரு காயிலும் கேங் கண்டன்சரும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட துடிப்புக்கு மட்டும் இணங்கும், மற்றதைத் தள்ளும். அந்தச் சொந்தத் துடிப்பு இல்லாவிட்டால் செட் என்று ஒன்றே இல்லை. கௌதமருக்கு அது இருந்தது. அவர் படித்த வேதமும் வாதமும் வீணாகவில்லை. அவைதான் அவருடைய அளவு. போனது செருக்கு மட்டும்.

வாத்தியார் வீட்டுக்குத் திரும்பி இதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே ஒரு பிடியும் போட்டார். "தள்ளறதுன்னு சொன்னியே, அங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். நீ 101.4 வச்சா 98.3ஐத் தள்ளற. 98.3னு ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்றியா?"

"எப்படிச் சார் சொல்லுவேன்?"

"அதான் நயம். ஒரு பொருளுக்கு அநேக தன்மை. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் எடுத்துப் பேச முடியும். எடுத்துக்கிட்டா நயம். எடுக்காததை இல்லன்னுட்டா துர்நயம். அநேகாந்தம்னு பெருசா சொல்றது இவ்வளவுதான். எல்லாம் சரின்னு மண்டையாட்டறது இல்ல அது."

மதங்கள் எல்லாம் ஒன்றே என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு டயல் கயிறு அறுந்த செட்தான் ஞாபகம் வரும். முள் எல்லா ஸ்டேஷன் மேலும் சும்மா ஓடும். என் மதம் மட்டுமே உண்டு என்கிறவர்களைக் கேட்டால், முள் ஒரே இடத்தில் துருப்பிடித்து இறுகிப்போன செட் ஞாபகம் வரும். இரண்டும் ரிப்பேருக்கு வரும் செட்தான். வாத்தியார் சொன்னது ஓடுகிற செட்டின் கதை.

*

பாட்டு வந்தது, ஆனால் இரைச்சல் முழுசாகப் போகவில்லை. ஒரு சீரான உறுமல் அடியில் இருந்தது. மகன் போனில், "பூஸ்டர் போடச் சொல்லுங்கப்பா" என்றார். பூஸ்டருக்குப் பாட்டும் தெரியாது, இரைச்சலும் தெரியாது. இரண்டையும் சேர்த்துத்தான் பெருக்கும். சிக்னல் குறைவு என்று ஆள் அழைக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் சிக்னல் குறைவில்லை, வீட்டுக்குள் சத்தம் அதிகம். ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு போனேன். டியூப் லைட், இல்லை. செல்போன் சார்ஜர், கொஞ்சம் குறைந்தது. கடைசியில் ஒரு சுவிட்சைத் தட்டியதும் உறுமல் கத்தரித்தாற்போல நின்றது. பகவான் படத்தைச் சுற்றி மாட்டியிருந்த எல்.இ.டி. சீரியல் லைட். மலிவான அந்த லைட்டின் டப்பாதான் வீடு முழுக்கத் தன் சொந்த அலையைக் கக்கிக்கொண்டிருந்தது.

வாத்தியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "நான்தான்பா மாட்டினேன், போன மாசம். அழகா இருக்குன்னு." கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, அம்மா ஓர் அகலை ஏற்றினார்.

இன்னும் ஒன்று எனக்கு ஆறவில்லை. கேட்டேன். "தகுதியான ஒருத்தர் வர்ற வரைக்கும் 66 நாள் காத்திருந்த மத்தவங்க என்ன பாவம் பண்ணினாங்க? விலங்கெல்லாம்கூட வந்து உக்காந்துதுன்னு சொன்னீங்களே. பெரிய படிப்புக்காரன் வந்தாத்தான் பேச்சுன்னா, எங்களை மாதிரி தறிக்காரனுக்கு என்ன?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. யோசிப்பதாகச் சொன்னார். பதில் எனக்கே ராத்திரி சைக்கிளில் வரும்போது கிடைத்தது. அதுவும் புராணத்திலிருந்து இல்லை, என் சொந்தத் தெருவிலிருந்து.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் ரேடியோ. தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டி வைத்திருந்த வால்வு செட். அதன் பின்னால் இரண்டு துளை. ஒன்று ஏரியல், ஒன்று எர்த். அந்த வீட்டுப் பெரியவர் கூரைக்கு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, பீங்கான் குப்பி போட்டு, செம்பு வலை நாடாவை இழுத்துக் கட்டியிருந்தார். எர்த் கம்பி கிணற்றடி ஈரமண்ணுக்குள் போகும். சிதம்பரம் ஆகாயத் தலம், காஞ்சிபுரம் மண் தலம் என்பார்கள். ரேடியோவுக்கு இரண்டும் வேண்டும், எர்த் சரியில்லாவிட்டால் ஏரியல் எவ்வளவு உசரம் இருந்தும் பிரயோசனம் இல்லை என்று அவர் எங்களுக்குச் சொல்வார். சாயங்காலம் ஆனால் இலங்கை வானொலி. ஒரு வீட்டுக் கம்பி. தெருவெல்லாம் தறிக்குழியில் இருந்தபடியே கேட்டது. என் அப்பாவுக்கு ஏரியலும் தெரியாது, டயலும் தெரியாது. ஆனால் நாடா தள்ளுகிற கை அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டது எனக்குத் தெரியும்.

சென்னையிலும் முதலில் அப்படித்தான். 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் ரேடியோ கிளப் தொடங்கியபோது செட் வைத்திருந்தவர்கள் கையளவு. அது மூன்றே வருஷத்தில் நின்றுபோய், 1930இல் மாநகராட்சி எடுத்து நடத்தியபோது மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். காற்று வாங்க வந்தவன் நின்று கேட்டான்.

கணதரர் என்றால் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய மாணவர் என்று நான் தப்பாக நினைத்திருந்தேன். அவர் எங்கள் தெருப் பெரியவர். அவர் கம்பி கட்டிய பிறகு அவையில் இருந்த எல்லாரும், விலங்குகள் உள்பட, கேட்டார்கள். மகாவீரருக்கு இப்படிப் பதினொரு கணதரர். வாங்கியதைத் தொகுத்து நூலாக்கித் தந்தது அவர்கள்தான். ஏரியல் சாஸ்திரத்திலும் இதற்கு ஒரு விதி உண்டு. வாங்குகிற கம்பிக்கும் கொடுக்கிற கம்பிக்கும் வித்தியாசம் கிடையாது. எந்தத் திசையில் நன்றாகக் கேட்குமோ அந்தத் திசையில்தான் நன்றாகப் பேசவும் செய்யும். தான் மட்டும் கேட்டுக்கொள்வதற்கென்று ஒரு கம்பி இயற்கையில் இல்லை.

*

மறுநாள் காலையில் கேபிளை ஜன்னல் வழியாக இறக்க வேண்டியிருந்தது. உள்ளே நுழையும் இடத்தில் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் அதன் வழியே நடந்து செட்டுக்குள் போய்விடும். அதை முடித்துவிட்டு, ஸ்பீக்கர்களை முறைப்படி வைத்தேன். வாத்தியார் நாற்காலிக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, முக்கோணமாக. ரிசீவரில் ஸ்டீரியோ என்று சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்குப் பெருமை.

"ரொம்ப நல்லா இருக்குப்பா. ஆனா எனக்கு இடது காது கேக்காது. பத்து வருஷம் ஆச்சு" என்றார் வாத்தியார்.

ஒரு நாள் முழுக்க அளந்து, வெட்டி, திசை பார்த்து, ஒற்றைக் காதுக்காரருக்கு ஸ்டீரியோ கட்டியிருக்கிறேன். என்ன செய்வது என்று யோசித்து, ரிசீவரில் மோனோ பட்டனை அமுக்கினேன். எல்லையோரத்தில் இருக்கிற ஊர்களில் அது ஒரு பழைய வைத்தியம். ஸ்டீரியோவில் இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாகச் சுமந்து வர வேண்டும்; தூரத்தில் இளைத்துப் போன அலை அந்தச் சுமையில் மூச்சு வாங்கும். அந்த மூச்சுதான் மிச்சமிருந்த மெல்லிய சீறல். மோனோ போட்டால் வித்தியாசத்தை விட்டுவிட்டு இரண்டையும் கூட்டிய ஒரே குரலை எடுத்துக்கொள்ளும். சீறல் அடங்கியது. பாட்டு மட்டும் இருந்தது. இரண்டு ஸ்பீக்கரிலும் இப்போது வந்தது பாதிப் பாதி இல்லை, ஒவ்வொன்றிலும் முழுசு.

"அப்ப எனக்கு ஒண்ணு போதுமே" என்றார்.

அந்த நேரம் சுவருக்கு அப்பால் தறிச் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டு நெசவாளி, குழியிலிருந்து எழாமலேயே, ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்.

"வாத்தியாரே, கொஞ்சம் சத்தமா வையுங்க."

நானும் வாத்தியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இடப்பக்கத்து ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் திட்டில், தறியைப் பார்க்க வைத்தேன். ஒயர் எட்டவில்லை. பையிலிருந்து இன்னும் இரண்டு மீட்டர் எடுத்து ஒட்டுப் போட்டேன். அதற்கு மட்டும் கூலி வாங்கிக்கொள்ளவில்லை.